உப்புக்குப்பிகள்

ரோசைத் கப்பல்துறை உணவகம், பதினொன்றரை மணி.
வெளியே ஃபோர்த் கழிமுகத்தின் மேல்
மழை படுக்கைவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

வெண்ணெய்த் தட்டை மேசை நடுவே நகர்த்தி
"இதுதான் விமானந்தாங்கி" என்றார் டால்க்ளீஷ்.
இருபத்தாறு வருடம் கடலில் இருந்தவர்,
இப்போது ஆலோசகர், இடுப்பில் ஓயாத வலி.
பக்கத்து மேசைகளில் இரவல் வாங்கி
மூன்று உப்புக்குப்பிகளைச் சுற்றி நிறுத்தினார்.
"இவை ஃப்ரிகேட்டுகள்.
ஒன்று தண்ணீருக்கடியில் காது வைத்திருக்கும்.
ஒன்று வானத்தைப் பார்க்கும்.
ஒன்று பழுதுபார்க்கும் துறையில் கிடக்கும்,
எப்போதும்."

லண்டனிலிருந்து வந்த ப்ரைஸ்-ஹாலெட்
டையின் நுனியால் மூக்குக்கண்ணாடி துடைத்தார்.
அவருக்குக் கடல் என்பது நான்கு காலாண்டுகள்.
"இரண்டு தட்டுக்குத்தானே கையெழுத்து?
ஒன்றை விற்றுவிட்டால்?"
"யாருக்கு?"
"வாங்குகிறவருக்கு."

யானை வாங்கியாயிற்று,
இனி அங்குசத்துக்குப் பேரம்.
நான் வாய் திறக்கவில்லை. நான் வரைபவள்.

மூன்று வருடத்தில் ஒரே முகப்பை
மூன்று முறை வரைந்திருக்கிறேன்.
முதலில் தளம் முகவாயை உயர்த்தியிருந்தது,
விமானம் ஓடிவந்து எம்பிப் பறக்கட்டும் என்று.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
கவண் வேண்டும் என்றார்கள்,
இருபது டன்னைக் கூழாங்கல்லாய் எறியும் மின்சாரக் கவண்.
முகவாயை அறுத்தேன்.
கவண் குழிக்கு இடம் வேண்டி
நாற்பது மாலுமிகளின் படுக்கைகளை
ஒரு தளம் கீழே இறக்கினேன்.
அங்கே ஏற்கெனவே சலவைக்கூடம் இருந்தது.
சலவைக்கூடத்தை எங்கே வைத்தேன் என்று
இன்றுவரை எவரும் கேட்டதில்லை.
அப்புறம் கவணின் விலை வந்தது.
முகவாயைத் திரும்ப ஒட்டினேன்.
கோப்பின் பெயர்: முகப்பு, இறுதி, நிஜ இறுதி, ஏழு.

விமானமோ இன்னும் பிறக்கவே இல்லை.
இறக்கையின் அகலத்தை மட்டும்
ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார்கள்
தொட்டிலுக்கு அளவு கொடுப்பது போல.
அதிலும் ஓர் எண்ணின் மேல் காபிக் கறை:
மூன்றா, எட்டா?
எட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

ஷோனா மெக்ராரி கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
வெல்டர், சங்கத்தின் செயலாளர்,
கழுத்தில் பொறி பட்ட பழைய தழும்பு.
"எட்டா பதின்மூன்றா, உங்கள் சண்டை அது.
ஒரு கப்பல் போய் அடுத்தது வரும்வரை
நடுவில் எத்தனை மாதம்?
அதைச் சொல்லுங்கள்.
பதினெட்டு மாதம் சும்மா இருந்தால்
என் பையன்கள் நார்வே எண்ணெய் மேடைக்குப் போய்விடுவார்கள்.
அப்புறம் கூப்பிட்டால் அவர்கள் அம்மாக்கள்தான் வருவார்கள்."

யாரும் சிரிக்கவில்லை; அவளும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.
ப்ரைஸ்-ஹாலெட் "மாதம்" என்று எழுதி
அடியில் கோடிட்டார்.

அப்போதுதான் பெயின்ட் பிரிவிலிருந்து ஒருத்தி
சூப் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.
"இது உங்களுக்குத் தேவையா?"
"தேவை" என்றார் டால்க்ளீஷ்.
"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் ப்ரைஸ்-ஹாலெட்,
இரண்டும் ஒரே நொடியில்.
அவளுக்கு இரண்டாவதுதான் காதில் விழுந்தது.

வானத்தைப் பார்த்த குப்பி போயிற்று.
மிச்சம் இரண்டு.
டால்க்ளீஷ் ஒன்றைத் தூக்கிக் குலுக்கினார்.
சத்தமில்லை.
மூடி பளபளத்தது, துளைகள் சுத்தம்,
உள்ளே ஒரு மணி உப்பு கிடையாது.
"ஆமாம்" என்றார், யாரிடமும் இல்லாமல்.
"ஆள் கிடைப்பதில்லை."
உப்புக்குச் சப்பாணியாய் அதையும்
வெண்ணெய்க்கு இடப்பக்கமே நிறுத்தினார்.

பன்னிரண்டேகாலுக்கு லண்டன் கார் வந்தது.
அடுத்த கூட்டம் அக்டோபரில்.

மேசையில் நான் மட்டும்.
தட்டின் மூடியைத் திறந்தேன்.
வெண்ணெயில் யாரோ கத்தியால்
நீளமாய் ஒரு பள்ளம் இழுத்திருந்தார்கள்,
பேச்சு வாக்கில், கவனமில்லாமல்.
கவண் குழிக்கு வேண்டிய அதே விகிதம்.
நான் இவ்வளவு நேராய் வரைந்ததில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தேன்.
பிறகு பசித்தது.
அந்தப் பக்கத்திலிருந்தே வழித்து
ரொட்டியில் தடவிக்கொண்டேன்.